ஒருவர் ஆட்சேபித்தாலும்

என் கணவரின் அக்கா ஜின்ச்சாய் மருத்துவமனை அறைக்குள் நுழைந்தபோது கையில் ஒரு பெரிய துணிப்பை இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. மடிப்புக் கலையாத சட்டை, கறுப்புக் கால்சட்டை, துணிச் செருப்பு. தம்பிக்கு அறுபது வயதானபோதே, கடைசியாக உடுத்திவிடுவதற்கென்று எல்லாவற்றையும் தைக்கக் கொடுத்து வாங்கி அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தாள். அவளுக்கும் ஒரு பை உண்டு. எனக்கும் ஒன்று வாங்கட்டுமா என்று ஒருமுறை கேட்டாள். வேண்டாம் என்றேன்.

கட்டிலில் ஷுய்வாங் ஆக்ஸிஜன் முகமூடிக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். முந்தின நாளிலிருந்து கண் திறக்கவில்லை. அக்கா அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"இன்னிக்கோ நாளைக்கோன்னாரு."

"அப்புறம் எதுக்குடி இன்னும் இங்கயே போட்டு வச்சிருக்கே? ஆம்புலன்ஸுக்குச் சொல்லு. மூச்சு இருக்கறப்பவே வீட்டுக்குக் கொண்டு போயிடணும்."

"வீட்டுக்கு வேண்டாம் அக்கா. இங்கேருந்து நேரா மருத்துவக் கல்லூரிக்குப் போவாரு. உங்களுக்குத் தெரியுமே."

"தெரியும். அதை நான் இன்னும் ஒத்துக்கலைன்னும் உனக்குத் தெரியும்." துணிப்பையை அவர் காலடியில் வைத்தாள். "வெளியில மூச்சு போச்சுன்னா அப்புறம் வாசப்படி தாண்ட முடியுமா? தெருவுல பந்தல் போட்டுக் கெடத்துவாங்க. முன்னோருங்க மேசையில இவனுக்கு எடம் கிடைக்காது. பிள்ளையும் இல்லை, குட்டியும் இல்லை. வீடும் இல்லைன்னா எங்க போவான்?"

பக்கத்துப் படுக்கைக்காரரின் மகள் பழம் நறுக்குவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். நான் திரையை இழுத்துவிட்டேன்.

ஜின்ச்சாய் சொன்னது எங்கள் ஊரில் யாரும் மறுக்காத ஒன்று. எங்கள் தெருவில் செத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான், கடைசி மூச்சைக் குழாயில் பிடித்து வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தவர்கள். என் மாமனாரும் அப்படியே வந்தார். கூடத்தில் பலகை போட்டு, சாமி படத்தின் மேல் சிவப்புக் காகிதம் ஒட்டி, எல்லோரும் சூழ்ந்து நிற்க முகமூடியைக் கழற்றினார்கள். அன்று ஷுய்வாங் அழவில்லை. "அப்பா வீட்டுக்கு வந்துட்டாரு, அது போதும்" என்றார். அது எனக்கு நினைவிருந்தது. நினைவிருந்ததால்தான் அக்காவிடம் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"வீட்டுல போனா மரணச் சான்றிதழ் யாரு கொடுப்பாங்க? கல்லறை சுத்தம் பண்ற லீவு. சுகாதார நிலையத்து டாக்டர் ஊர்லயே இல்லை. சான்றிதழ் இல்லாம கல்லூரிக்காரங்க ஒரு விரலைக்கூடத் தொடக்கூடாது. சட்டம். ரொம்ப நேரம் காக்க வச்சாலும் எடுத்துக்க மாட்டாங்க. அப்ப அவர் கையெழுத்துப் போட்டதெல்லாம் வீண்."

"வீணாப் போகட்டும்" என்றாள் ஜின்ச்சாய்.

*

ஷுய்வாங் காலைச் சந்தையில் பன்றி இறைச்சிக் கடை வைத்திருந்தார். விவசாயிகள் சங்கத்தில் கவுன்டரில் உட்கார்ந்திருந்த எனக்கு, கல்யாணமான புதிதில் அவர் கையில் எப்போதும் இருக்கும் அந்த வாசனை பிடிக்கவில்லை. பிறகு பழகிவிட்டது. அதற்கும் பிறகு, அது இல்லாவிட்டால் தூக்கம் வராது என்றாயிற்று. அவருக்குக் கத்தி தெரியும். எலும்பை உடைக்காமல், மூட்டில் கத்தி முனையை வைத்து லேசாகத் திருப்புவார். அது தானாகக் கழன்று வருவதுபோல் வரும்.

குடலிறக்கத்துக்காக அவருக்கு ஒரு சின்ன அறுவை சிகிச்சை நடந்தது. தையல் பிரிக்க வந்த இளம் டாக்டரின் வேலையைக் குனிந்து பார்த்துவிட்டு, "நல்லா வெட்டியிருக்கே தம்பி. எங்க கத்துக்கிட்டே?" என்றார். மருத்துவப் படிப்புக்குத் தன்னுடைய உடம்பைக் கொடுத்துவிட்டுப் போன ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையிடம் என்று அந்தப் பையன் சொன்னான். அந்த அம்மாளின் பெயரையும் சொன்னான். அன்று இரவு சாப்பாட்டில் ஷுய்வாங் அதைப் பற்றிப் பேசினார்.

"இத்தனை வருஷமா எத்தனை பன்னியை வெட்டியிருக்கேன். ஒண்ணுகிட்டயாவது கேட்டிருக்கேனா? என்னை ஒருத்தன் கேட்டுட்டு வெட்டட்டுமே."

"பன்னிக்குப் பிராயச்சித்தமா?" என்றேன்.

"சேச்சே. பன்னி ருசியா இருந்துச்சு, அதுக்கு எதுக்குப் பிராயச்சித்தம்? நல்லா வெட்டத் தெரியாத டாக்டர் ஒருத்தன் கம்மியாவான், அவ்வளவுதான்."

கல்லூரியிலிருந்து செல்வி குவோ என்ற பெண் வந்தாள். நன்கொடையாளர்களின் வீடுகளுக்குப் போய் விளக்குவதுதான் அவள் வேலை. எங்கள் சாப்பாட்டு மேசையில் காகிதங்களைப் பரப்பி ஒவ்வொன்றாகச் சொன்னாள். தொற்று நோய் இருக்கக்கூடாது. பெரிய அறுவை சிகிச்சை நடந்திருந்தால் யோசிப்பார்கள். உடம்பு ரொம்பப் பருமனாக இருந்தாலும் எடுக்க மாட்டார்கள். அங்கே நிறுத்தி, ஷுய்வாங்கின் வயிற்றைப் பார்த்துவிட்டுப் பார்வையை விலக்கிக்கொண்டாள்.

"என்ன, இது தேறாதா?" என்று வயிற்றைத் தட்டினார் அவர்.

"கொஞ்சம் குறைச்சா நல்லது ஐயா."

"உடம்பைக் கொடுக்கறவங்களுக்கு மாணவங்க எல்லாம் என்ன பேரு வைப்பாங்க? பொணம்னா?"

"இல்லை ஐயா. வாத்தியார்னுதான் கூப்பிடுவாங்க. முதல் நாள் எல்லாரும் வரிசையா நின்னு கும்பிடுவாங்க."

ஆறாம் வகுப்போடு நின்றுபோன ஷுய்வாங் சிரித்ததில் தேநீர் மேசையில் சிந்தியது. "கேட்டியா லுவான், வாத்தியார்! எங்க கணக்கு வாத்தியார் உயிரோட இருந்திருந்தா இதைக் கேட்டே செத்திருப்பாரு."

கையெழுத்துப் போடும் முன் செல்வி குவோ பேனாவைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"சட்டம் இவர் கையெழுத்தை மதிக்குது அம்மா. ஆனா இவர் கண்ணை மூடினதுக்கப்புறம் இவருக்காகப் பேச ஆள் வேணும். நாங்க வந்து உடம்பை எடுக்கறதுக்கு முன்னாடி வீட்டுல இருக்கற நெருங்கின சொந்தக்காரங்களை எல்லாம் நிக்க வச்சு, ஆட்சேபம் உண்டான்னு வாய்விட்டுக் கேட்போம். ஒருத்தர் ஆட்சேபிச்சாலும் வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிடுவோம்."

"கையெழுத்து இருந்துமா? கேஸு போட மாட்டீங்களா?" என்றார் ஷுய்வாங்.

"அழுதுக்கிட்டு இருக்கற வீட்டு மேலயா ஐயா?"

அவர் யோசித்தார். பிறகு என்னைக் காட்டி, "இவ இருக்கா. இவ ஒண்ணைப் பிடிச்சா விடமாட்டா" என்று சொல்லிவிட்டுப் பேனாவை வாங்கிக்கொண்டார். சாட்சியாக நானும் கையெழுத்திட்டேன். எனக்கு அப்போது ஒரு கவலையும் இருக்கவில்லை. அவருக்கு முன்னால் நான்தான் போவேன் என்று எதனாலோ நிச்சயமாக நம்பியிருந்தேன்.

அன்றிலிருந்து அவர் இளைக்க ஆரம்பித்தார். தினமும் சாயங்காலம் ஆற்றங்கரையில் நடந்தார். தன் கடைக் கறியைத் தானே தொடுவதில்லை. சர்க்கரைவள்ளிக் கீரையும் இஞ்சி சூப்பும்தான். மீன் கடைக்கார ஆ தூ, "சாகறதுக்காக உடம்பைப் பாத்துக்கற ஒரே ஆளு நீதான்யா" என்று தினமும் கேலி செய்வான். உடம்பு குறையக் குறைய அவருக்கு மூச்சு வாங்கியது. நடைதான் காரணம் என்று நினைத்தோம். இதயம்தான் என்று பிறகு தெரிந்தது.

நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம், கொஞ்சம் ஆபத்து உண்டு, செய்தால் சில வருடங்கள் கிடைக்கலாம் என்றார்கள். அவர் செய்துகொள்ளவில்லை. செல்வி குவோவைத் தொலைபேசியில் பிடித்து, நெஞ்சைத் திறந்தால் கல்லூரி எடுத்துக்கொள்ளுமா என்று அவர் கேட்டது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "முதல்ல உயிரோட இருங்க ஐயா, கல்லூரி எங்கயும் போயிடாது" என்று அவள் கடிந்து சொல்லியிருக்கிறாள். அவர் எனக்குச் சொன்ன காரணம் வேறு.

"பயமா இருக்கு லுவான். கத்தின்னா பயமா இருக்கு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அது உண்மையா, அல்லது தன்னை முழுசாகக் கொடுக்க வேண்டும் என்பதற்காக என்னோடு இருக்க வேண்டிய வருடங்களை அவர் விட்டுக்கொடுத்தாரா? எனக்குத் தெரியாது. சமைக்கும்போதும், துணி மடிக்கும்போதும், அவர் பக்கத்தில் படுத்து அந்த இரைக்கும் மூச்சைக் கேட்கும்போதும் இதையே திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று கேட்கவில்லை.

*

திரைக்குப் பின்னால் ஜின்ச்சாய் தம்பியின் போர்வையை விலக்கி, பாதங்களை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீக்கத்தில் பளபளத்த பாதங்கள். இவருக்கு நடை பழகும் வயதில் அம்மா போய்விட்டாள். முதுகில் கட்டிக்கொண்டு நெல் உலர்த்தியவள் இந்த அக்காதான். அவள் அழவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. இவர் கல்லூரிக்கு எழுதிக்கொடுத்தது உடம்பை. மூச்சை யாருக்கும் எழுதிக்கொடுக்கவில்லை. மூச்சு போகும் இடத்தைப் பற்றி அந்தக் காகிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டது நான்தான். எனக்கு அது வசதியாக இருந்தது. மருத்துவமனையில் உயிர் போனால் டாக்டர் மாடியிலேயே இருக்கிறார், சான்றிதழ் வந்துவிடும், நான் தோற்கமாட்டேன்.

வராந்தாவுக்குப் போய்ச் செல்வி குவோவை அழைத்தேன்.

"மருத்துவமனையிலதான் உயிர் போகணும்னு சட்டத்துல இருக்கா?"

"இல்லை அம்மா. ஆனா நாங்க அதைத்தான் சொல்லுவோம். வீட்டுல போனா சிக்கல்."

"சிக்கல் என்னன்னு சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்."

"சான்றிதழ்தான். ஏற்கெனவே இவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் நேர்ல வந்து பாத்து எழுதணும். யாரும் வரலைன்னா போலீஸுக்குச் சொல்லணும், அரசு வழக்கறிஞர் வந்து பார்க்கணும். அதுக்குள்ள நேரம் தாண்டிடும். இன்னொண்ணு, குளிர்ப்பெட்டில வைக்காதீங்க. போனவுடனே எங்களுக்குச் சொல்லுங்க."

வைத்தியம் பார்த்த டாக்டர். எங்கள் தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கும் லியாவ் பல வருடங்களாக இவருடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்து வருபவர். கிளினிக்கில் யாரும் எடுக்கவில்லை. மருந்துக்கடைக்காரியிடம் அவர் வீட்டு எண்ணை வாங்கினேன். வீட்டில் வேலைக்காரப் பெண் எடுத்து, மலைக்குப் போயிருக்கிறார் என்றாள். அவளிடம் கெஞ்சி, அதட்டி, கைபேசி எண்ணை வாங்கினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தேன். மறுபடியும்.

"யாரு? சத்தமாப் பேசுங்க, இங்க ஒரே காத்து!"

சொன்னேன்.

"நான் பாக்காம எழுத மாட்டேன்மா. அதுக்கு மட்டும் என்னைக் கேட்காதீங்க."

"பாக்கறதுக்குத்தான் கூப்பிடறேன் டாக்டர்."

"எங்க தாத்தா சமாதியில பாதிப் புல்லுதான் வெட்டியிருக்கேன்."

"மீதியை உங்க தம்பிங்க வெட்டட்டும். அவங்க வருஷா வருஷம் படம்தான் பிடிக்கறாங்கன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க."

அரிவாளை யாரிடமோ பிடிக்கச் சொன்னது கேட்டது. பிறகு, "போனை அணைக்காம வச்சிருக்கேன். கூப்பிட்டா வர்றேன்" என்றார்.

உள்ளே போய் அக்காவிடம் சொன்னேன். "வீட்டுக்குக் கொண்டு போறோம்."

அவள் பாதங்களை விடாமலே நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆனா கல்லூரி வண்டி வந்தா நீங்க குறுக்க நிக்கக்கூடாது. உங்களையும் கேட்பாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாலும் எடுக்க மாட்டாங்க."

"அப்படியா? நான் ஒருத்தி சொன்னாலுமா?" அவள் குரலில் லேசான வியப்பு இருந்தது. இதுவரை யாரும் அவளிடம் அப்படி ஓர் அதிகாரம் இருப்பதாகச் சொன்னதில்லை. சொல்லிக் கொடுத்தவள் நானே.

"அக்கா."

"அதை அப்பப் பாத்துக்கலாம். முதல்ல ஆம்புலன்ஸுக்குச் சொல்லு."

*

வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் நின்றதும் ஜின்ச்சாய் அவர் காதருகே குனிந்து, தெருவே திரும்பும்படி கத்தினாள். "ஷுய்வாங்! வீடு வந்தாச்சுடா! அப்பா பாத்துக்கிட்டு இருக்காரு, உள்ள வா!" கூடத்தில் பலகை தயாராக இருந்தது. சாமி படத்தின் மேல் சிவப்புக் காகிதம் ஒட்டியாயிற்று. முகமூடியைக் கழற்றினார்கள். எல்லோரும் கைகட்டி நின்றோம்.

ஷுய்வாங் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் வரை விட்டார். சந்தைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். ஆ தூ மீன் வாசனையோடு வந்து நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப எடை சரியா இருக்கும் இல்லே?" என்றான். என்னையறியாமல் சிரித்துவிட்டேன். ஜின்ச்சாய் அவனை முறைத்தாள். "வீட்டுக்கு வந்தவுடனே ஆளு தெம்பாயிட்டான், பாத்தியா? ஆஸ்பத்திரியில வச்சிருந்தா இந்நேரம் போயிருப்பான்" என்றாள். அவள் பெருமையாகச் சொன்ன அந்த நேரம் முழுவதும் நான் கைபேசியில் டாக்டரின் எண்ணை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லியாவ் டாக்டர் மலையிலிருந்து இறங்கி வந்து ஒரு முறை பார்த்துவிட்டுப் போனார். போகும்போது அவர் செருப்பிலிருந்த சேறு கூடத்தில் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்க எனக்கு ஒரு வேலை கிடைத்தது.

மறுநாள் காலை, சந்தை கலையும் நேரத்தில், அக்கா அவர் உதட்டை ஈரப்பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது. ஒன்று உள்ளே போனது. வெளியே வந்ததா என்று இருவரும் காத்திருந்தோம்.

"லுவான்" என்றாள் அவள். அவ்வளவுதான்.

நான் அழுவதற்கு முன் டாக்டரை அழைத்தேன். அவர் வந்து நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதி முத்திரை வைத்தார். "இயற்கை மரணம். போலீஸுக்கு இங்க வேலை இல்லை" என்று என் கையில் கொடுத்தார். உடனே செல்வி குவோவை அழைத்தேன். கிளம்பிவிட்டோம் என்றாள்.

வண்டி வருவதற்குள் ஜின்ச்சாய் அவரைத் துடைத்து, துணிப்பையிலிருந்ததை உடுத்திவிட்டாள். இளைத்த உடம்பில் சட்டை தொளதொளத்தது. காலடியில் விளக்கு வைத்தாள். கிண்ணம் நிறையச் சோற்றைக் குவித்து, அதன் மேல் வாத்து முட்டை வைத்து, சாப்பிடும் குச்சிகளைச் செருகினாள். நான் எதையும் தடுக்கவில்லை. அவள் என்னிடம் எதையும் கேட்கவுமில்லை. நாங்கள் இருவரும் ஒரே அறையில் எதிரெதிர் வேலைகளைச் செய்துகொண்டிருந்தோம்.

*

செல்வி குவோவும் கல்லூரி வண்டியின் டிரைவரும் வந்தார்கள். இருவரும் கறுப்பு உடை. செருப்பைக் கழற்றிவிட்டு, பலகையின் முன் நின்று மூன்று முறை குனிந்து வணங்கினார்கள். "வாத்தியாரே, உங்களை அழைச்சுக்கிட்டுப் போக வந்திருக்கோம்" என்றாள் செல்வி குவோ. ஜின்ச்சாய் திரும்பிப் பார்த்தாள், வேறு யாரையோ சொல்கிறாள் என்பதுபோல.

சான்றிதழையும் ஷுய்வாங்கின் கையெழுத்தையும் சரிபார்த்துவிட்டுச் செல்வி குவோ எங்களை நிற்கச் சொன்னாள்.

"இதை நான் சத்தமாக் கேட்கணும். மனசு மாறியிருந்தா தயங்காமச் சொல்லுங்க. யாரும் எதுவும் நினைக்க மாட்டோம். இவருடைய உடலை மருத்துவப் படிப்புக்காக எடுத்துக்கிட்டுப் போறதுல உங்கள்ல யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என் பக்கம் திரும்பினாள். "முதல்ல நீங்க சொல்லுங்க அம்மா."

இரண்டு நாட்களாக அந்தக் கேள்விக்காக அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்ன சொல்வாள், நான் என்ன பதில் சொல்வேன் என்று மனதுக்குள் எத்தனையோ முறை பேசிப் பார்த்திருந்தேன். கேள்வி என் பக்கம் வந்தபோது, உண்டு என்ற சொல் என் தொண்டையில்தான் இருந்தது.

உண்டு. எனக்கு ஆட்சேபம் உண்டு. இந்த நெஞ்சைத் திறந்திருந்தால் இன்னும் என் பக்கத்தில் இரைந்துகொண்டு படுத்திருப்பார். எனக்காகத் திறக்காத நெஞ்சை யாரோ பெயர் தெரியாத பிள்ளைகளுக்காகத் திறக்கப் போகிறார். அவர்கள் அந்த இதயத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். நான் அதைப் பார்த்ததில்லை. எத்தனை நாட்களாக இந்தக் கோபத்தை இடுப்பில் முடிந்து வைத்துக்கொண்டு அவர் சொல்லைக் காப்பாற்ற ஓடிக்கொண்டிருந்தேன்? ஓடாமல் நின்ற அந்த நொடியில் அது அவிழ்ந்து விழுந்தது.

செல்வி குவோ காத்திருந்தாள்.

"என்னடி" என்றாள் ஜின்ச்சாய். "நேத்துலேருந்து என் வாயை அடைச்சே. இப்ப உன் வாய் எங்க போச்சு?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஜெயித்த களை எதுவும் இல்லை. என் கண்ணுக்குள் எதையோ தேடுவதுபோல் பார்த்தாள்.

"எனக்கு ஆட்சேபம் நிறைய இருக்கு" என்று செல்வி குவோவிடம் சொன்னாள். "ஆனா பொண்டாட்டி சொல்றதுக்கு முன்னாடி நான் சொன்னா முறை இல்லை. அவ சொல்லட்டும்."

அப்போது எனக்கு ஒன்று மிகத் தெளிவாகத் தெரிந்தது. நான் பேசாமல் நின்றால் போதும். அக்கா சொல்லிவிடுவாள். வண்டி திரும்பிப் போய்விடும். இவர் இன்னும் சில நாட்கள் இந்தக் கூடத்தில் இருப்பார். பிறகு எங்கள் கல்லறை மலையில் இருப்பார். நான் எல்லோரிடமும், எனக்கும்கூட, கடைசிவரை போராடினேன், அவர் அக்காதான் விடவில்லை என்று சாகும்வரை சொல்லிக்கொள்ளலாம். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு மட்டும் தெரியும். அவரோ இனிமேல் எதையும் சொல்லப்போவதில்லை.

இவ ஒண்ணைப் பிடிச்சா விடமாட்டா என்று சொல்லித்தான் பேனாவை வாங்கினார். அவர் நம்பியது என் சம்மதத்தை அல்ல. நான் சம்மதமில்லாமலும் செய்வேன் என்பதை.

"எனக்கு ஆட்சேபம் இல்லை" என்றேன். குரல் சரியாக வரவில்லை. செல்வி குவோவுக்குக் கேட்டிருக்குமோ என்று சந்தேகமாக இருந்தது. "ஆட்சேபம் இல்லை" என்று மறுபடி, தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். பிறகு திரும்பினேன். "இப்ப நீங்க சொல்லுங்க அக்கா. என்ன சொன்னாலும் அது உங்க உரிமை."

ஜின்ச்சாய் செல்வி குவோவின் அருகில் போய் நின்றாள். அந்தப் பெண்ணின் தோள் உயரம்தான் இருந்தாள்.

"திருப்பிக் கொடுப்பீங்களா?"

"கொடுப்போம் அம்மா. எரிச்சு, அஸ்தியை உங்க கையில கொடுப்போம்."

"முழுசா? நான் கறிக்கடைக்காரன் அக்கா. எங்க எந்த எலும்பு இருக்குன்னு எனக்குத் தெரியும். ஒண்ணு குறைஞ்சாலும் உங்க கல்லூரி வாசல்ல வந்து உக்காந்துடுவேன்."

"முழுசா அம்மா."

"அறுத்ததை என்ன பண்ணுவாங்க? அப்படியே போட்டுடுவாங்களா?"

"படிப்பு முடிஞ்சதும் பிள்ளைங்களே எல்லாத்தையும் அந்தந்த எடத்துல வச்சு, ஒவ்வொரு வெட்டையும் தைச்சு மூடுவாங்க. துணி உடுத்திவிடுவாங்க. பெட்டியையும் அவங்கதான் தோள்ல தூக்கிக்கிட்டுப் போவாங்க. நீங்களும் வரலாம்."

"எந்தப் பிள்ளைங்க?"

"இவர்கிட்டப் படிச்ச பிள்ளைங்க."

ஜின்ச்சாய் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். தொளதொளத்த சட்டையின் கழுத்துப் பித்தானைச் சரிசெய்தாள். வெகு நேரம் சரிசெய்தாள்.

"எழுதிக்க" என்றாள், குனிந்தபடியே. "ஆட்சேபம் இல்லைன்னு எழுதிக்க. சம்மதம்னு எழுதிடாதே. ஆட்சேபம் இல்லை. அவ்வளவுதான்."

"அதுக்கு மேல சட்டம் எதையும் கேட்கலை அம்மா" என்றாள் செல்வி குவோ.

தூக்கும்போது அக்கா தலைமாட்டில் நின்று, பார்த்து, பார்த்து என்று அதட்டிக்கொண்டே இருந்தாள். வாசல்படி தாண்டியதும், "வடக்கே போறீங்களா? ஆத்துப் பாலம் வருமே" என்றாள் டிரைவரிடம். "பாலம் வரும்போது அவன்கிட்டச் சொல்லணும். இல்லாட்டி ஆவி இந்தக் கரையிலயே நின்னுடும், உடம்பு மட்டும் போய்ச் சேரும். யாரு சொல்றது? நீயா?" டிரைவர் செல்வி குவோவைப் பார்த்தார். "வீட்டு ஆள் ஒருத்தர் கூட வரலாம்" என்றாள் அவள்.

நான் அக்காவைப் பார்த்தேன்.

"நீ போ" என்றாள். "என் குரல் நேத்தே கட்டிப்போச்சு. ஒரு பாலத்தையும் விடாதே. சின்னதா இருக்குன்னு விட்டுடாதே."

வண்டியில் அவர் தலைப்பக்கம் எனக்கு ஒரு சின்ன இருக்கை கிடைத்தது. ஜுவோஷுய் ஆற்றில் தண்ணீர் குறைவு. மணல் காற்றில் பறந்துகொண்டிருந்தது. பாலத்தின் முதல் தூண் தெரிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டேன். முன்னால் இரண்டு பேர் இருக்கிறார்களே என்று கூச்சமாக இருந்தது. டிரைவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் வேகத்தை மட்டும் குறைத்தார்.

"ஷுய்வாங்! பாலம் வருது! தாண்டி வாங்க!"

பாலம் நீளமானது. நடுவில் ஒரு முறையும் கடைசியில் ஒரு முறையும் சொன்னேன். அழுகை அங்கேதான் வந்தது. அதை வரவிட்டேன். அதற்கப்புறம் நெடுஞ்சாலை. வாய்க்கால்கள், ரயில் தடத்தின் மேல் ஒன்று, மறுபடி வாய்க்கால். அழுதுகொண்டேதான், ஆனால் ஒன்றையும் விடாமல் சொல்லிக்கொண்டு போனேன்.